கிளாஸக்காவின் தொப்பி

"இந்த மூணு கிளாஸ்ல ரெண்டுல ஒரே பீர், ஒண்ணு வேற. எது வேறன்னு நம்பரை எழுதுங்க. அவ்வளவுதான்" என்றார் மாஸ்டர்.

'அவ்வளவுதான்' என்று சொல்கிற யாரும் அந்த வேலையைத் தானே செய்ய வேண்டியவராக இருப்பதில்லை. இதை லேபிளம்மா பல வருடங்களாகக் கவனித்து வந்திருக்கிறாள்.

அந்தப் பீர் ஆலையில் பாட்டில்களுக்கான லேபிளைப் பிழை திருத்தி, அச்சுக்கு அனுப்பி, பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கி வைப்பது அவள் வேலை. அதனால் லேபிளம்மா. ருசி அறைக்கு அவள் வந்தது, பீர் காய்ச்சும் பொறுப்பிலிருந்த மாஸ்டரின் ஒரே ஒரு கையெழுத்துக்காக. அங்கே இருந்த ஐந்து நாற்காலிகளில் ஒன்று காலி. அதில் வழக்கமாக உட்காருகிறவர் மூக்கு ஆபரேஷனுக்குப் போயிருந்தார்.

"எனக்கு நாக்கே கிடையாது சார்" என்றாள்.

"அப்போ இப்ப பேசினது யாரு?"

"ருசி தெரியாதுங்கிறேன். நான் குடிக்கவும் மாட்டேன்."

"யாரு குடிக்கச் சொன்னா? மோந்து பாருங்க, ஒரு வாய் வெச்சுக்குங்க, அந்த வாளியில துப்பிடுங்க. அஞ்சு பேர் இல்லாம சோதனை செல்லாது. உட்காருங்கம்மா."

மற்ற நால்வரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டோர்கீப்பர், விற்பனை மேனேஜர், மெக்கானிக், லேப்பில் வேலை செய்யும் பெண். நால்வரும் காலை பதினோரு மணிக்குப் பீர் கிடைக்கும் வேலையைக் கடமையாகச் செய்கிறவர்களுக்குரிய உம்மணாமூஞ்சியுடன் இருந்தார்கள்.

கிளாஸக்கா தட்டை அவள் முன் வைத்தாள். கிளாஸ்களைக் கழுவி, துடைத்து, தட்டில் ஏந்தி வருகிறவள் என்பதால் கிளாஸக்கா. தலையில் பிளாஸ்டிக் தொப்பி, கையில் ரப்பர் உறை. தட்டை வைத்ததும் எதிர்ச் சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

மூன்று கிளாஸிலும் ஒரே பழுப்பு, ஒரே நுரை. ஒவ்வொன்றிலும் ஒரு மூன்று இலக்க எண் ஒட்டியிருந்தது. லேபிளம்மா முதல் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். ஹாப்ஸ் என்று ஒரு பச்சைப் பூவை அள்ளிப் போட்டுக் காய்ச்சுவார்கள், கசப்பு அதிலிருந்துதான் வருகிறது என்று அவளே எத்தனையோ லேபிளில் பிழை திருத்தியிருக்கிறாள். பிழை இல்லாத அந்தக் கசப்பு வாய்க்குள் போனதும் காது வரை சென்று திரும்பியது. துப்பினாள்.

'நாக்கு இல்லாதவளை உட்கார வைத்தால் இப்படித்தான்' என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்குப் பத்தொன்பது வருடப் பழக்கம்.

கல்யாணமான இரண்டாவது வாரம். சமையலறையில் நின்று, "இந்த எண்ணெய்ல ஏதோ வாடை வருதே" என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் இடுப்பில் கை வைத்தாள். "வந்து பதினஞ்சு நாள் ஆகல, எங்க வீட்டு எண்ணெய் நாறுதாமா?" வீடே சிரித்தது. அவள் கணவனும் சிரித்தான். புது மாப்பிள்ளை, வேறு என்ன செய்வான்? எல்லோரும் எண்ணெயை மோந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லி, அதிலேயே பொரித்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் வீட்டில் அத்தனை பேருக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. பருவம் மாறுகிறது என்றார்கள். அவளும் அதைத்தான் நம்பினாள்.

அன்றிலிருந்து 'அவளுக்கு நாக்கு கிடையாது' என்பது அவளுடைய உயரம், ரத்த வகை மாதிரி ஒரு தகவல் ஆகிவிட்டது. அடுப்பில் எது கொதித்தாலும் கணவன் வந்து கரண்டியில் எடுத்து ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் இறங்கும். அவள் அதற்காகச் சண்டை போட்டதில்லை. ஒரு பொருளை யாராவது பிடுங்கினால்தானே சண்டை? அவளே கரண்டியின் காம்பைத் திருப்பி நீட்டியிருந்தாள்.

இரண்டாவது கிளாஸை எடுத்து மோந்தாள். அப்போதுதான் பார்த்தாள். எதிரே நின்ற கிளாஸக்கா மணிக்கட்டால் தன் தொப்பியை லேசாக மேலே தள்ளினாள்.

மூன்றாவது கிளாஸுக்குத் தொப்பி அசையவில்லை.

பள்ளிக்கூடத்தில் பரீட்சை மேற்பார்வைக்கு வரும் டீச்சர் தன் பெஞ்ச் அருகே நின்று தொண்டையைச் செருமினால், எழுதியதை அடித்துவிட்டு வேறு விடை எழுதுகிற ஜாதி லேபிளம்மா. யோசிக்கவே இல்லை. இரண்டாவது கிளாஸின் எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

மாஸ்டர் விடை வைத்திருந்த உறையைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"அஞ்சு பேர்ல ஒருத்தர்தான் சரி. லேபிளம்மா."

"குருட்டாம்போக்குல அடிச்சிருப்பாங்க" என்றார் விற்பனை மேனேஜர்.

அவர் சொன்னதை ஆமோதிக்க லேபிளம்மா வாயைத் திறந்தாள். ஆனால் மாஸ்டர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி அவளை யாரும் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள். தவறு அங்கேதான் தொடங்கியது.

மறுநாளும் கூப்பிட்டார்கள். மறுநாளும் தொப்பி நகர்ந்தது. அதற்கு மறுநாளும்.

கிளாஸக்கா எதற்காகத் தனக்கு உதவுகிறாள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. இரண்டு பேருக்கும் பெரிய பழக்கமில்லை. ஒருமுறை கிளாஸக்காவின் மகளுக்குப் பள்ளி நோட்டில் ஒட்ட மீதமான லேபிள்களைக் கொடுத்திருக்கிறாள். அந்த நன்றியாக இருக்கலாம். கேட்கவும் பயம். கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம். அக்காவும் வெளியே பார்த்தால் தெரியாதவள் போல, "என்ன லேபிளம்மா, வெயில் ஜாஸ்தி" என்பதோடு போய்விடுவாள். கைதேர்ந்தவள் என்று லேபிளம்மா வியந்தாள்.

கிளாஸக்காவிடம் இன்னொரு ரகசியமும் இருந்தது, அதுதான் ஆலை முழுக்கப் பேச்சு. தினமும் சோதனை முடிந்ததும் வாசல் காவலாளி ஒரு டீயைக் கொண்டுவந்து கழுவும் அறையில் அவள் முன்னால் வைப்பார். விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு வைப்பார். சோதனை நேரத்தில் ருசி அறையின் பின்பக்க ஜன்னலில் அவர் தலை தெரிகிறது என்று லேப் பெண் சொன்னாள்.

"இந்த வயசுல காதலைப் பாருங்களேன்" என்றார் ஸ்டோர்கீப்பர். "மூஞ்சியைப் பார்த்தா கல்யாணம் ஆயி இருபது வருஷம் ஆனாப்பல இல்ல இருக்கு" என்றார் மெக்கானிக்.

எட்டாவது நாள் லேபிளம்மா ஒரு முடிவோடு போனாள். இன்றைக்கு வேண்டுமென்றே தப்பாக எழுதிவிடுவது. ஒரு நாள் தப்பினால், இரண்டாம் நாளும் தப்பினால், மாஸ்டரே 'போய் உங்க லேபிளைப் பாருங்க' என்றுவிடுவார். தொப்பி எதற்கு நகர்கிறதோ அதை விட்டு வேறொன்றை எழுத வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கிளாஸ். தொப்பி நகரவில்லை. இரண்டாவது. இல்லை. மூன்றாவதை மூக்கில் இடித்துக்கொள்ளும் அளவுக்கு மோந்தாள். தொப்பி சிலைக்கு வைத்தது போல இருந்தது. கிளாஸக்கா அவளையே உறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வியர்த்திருந்தது.

எது சரி என்று தெரியாதபோது எதைத் தப்பாக எழுதுவது? லேபிளம்மா மறுபடி மூன்றையும் மோந்தாள். நேரம் முடிந்தது என்றார் மாஸ்டர். பதற்றத்தில் தாளில் எழுதினாள்: 'மூன்றும் ஒன்றுதான்.'

இப்படி ஒரு விடையே கிடையாது. சோதனையின் விதியே இரண்டு ஒன்று, ஒன்று வேறு என்பதுதானே. தொலைந்தது, இன்றோடு விட்டது சனியன் என்று பேனாவை மூடினாள்.

மாஸ்டர் தாள்களைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

"இன்னிக்கு மூணு கிளாஸ்லயும் ஒரே பீரைத்தான் ஊத்தினேன். யாரு மனசுக்குத் தோணினதை எழுதுறாங்கன்னு பார்க்க. நாலு பேர் ஆளுக்கொரு வித்தியாசம் கண்டுபிடிச்சிருக்கீங்க." ஸ்டோர்கீப்பரின் தாளை உயர்த்தினார். "இவர் 'வித்தியாசம் மிகத் தெளிவு'ன்னு அடிக்கோடு வேற போட்டிருக்கார்."

ஸ்டோர்கீப்பர் ஜன்னலைப் பார்த்தார்.

"இந்தம்மா மட்டும்தான் மூணும் ஒண்ணுன்னு தைரியமா எழுதியிருக்காங்க. முப்பது வருஷத்துல இப்படி ஒரு மூக்கை நான் பார்த்ததில்ல."

அன்று மட்டும் காவலாளி டீ கொண்டுவரவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

தங்க மூக்கு என்று பெயர் ஆகிவிட்டது. மாஸ்டர் அடுத்த கட்டத்துக்குப் போனார். எது வேறு என்றால் போதாதாம், என்ன வாசனை என்று சொல்ல வேண்டுமாம்.

"கசப்பு" என்றாள்.

"அது ஊருக்கே தெரியும். இந்தக் கசப்பைப் பார்த்தா என்ன ஞாபகம் வருது?"

தொப்பிக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாது. லேபிளம்மா கண்ணை மூடினாள். ஏதாவது உளற வேண்டியதுதான். வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பென்சில் சீவினாப்பல. அப்புறம்... பரண் மேல இருக்கிற சூட்கேஸைத் திறந்தாப்பல. யாரோ பக்கத்து ரூம்ல ஆரஞ்சு உரிக்கிறாங்க, ஆனா நமக்குத் தர மாட்டேங்கிறாங்க."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆரஞ்சு அந்தப் புது ஹாப்ஸ். சூட்கேஸ், அதை வெச்சிருந்த மூட்டை. பென்சில் எப்படிம்மா? மரப்பீப்பாய்ல ஒரு வாரம் வெச்சேன். யாருக்கும் சொல்லல."

லேபிளம்மா கிளாஸைக் கீழே வைத்தாள். உளறுவதிலும் தனக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் ஒரே ஆளைத் துரத்தித் துரத்தி வந்தால் அதற்குப் பெயர் விபரீதம்.

அந்த வாக்கியங்கள் லேபிளில் ஏறின. அவளே பிழை திருத்தினாள். ஒரு பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தாள். கணவன் அதைத் திறக்காமல் லேபிளை மட்டும் படித்தான்.

"பக்கத்து ரூம்ல ஆரஞ்சு உரிக்கிறாங்களாம்! எவன் எழுதினான் இதை? குடிச்சுட்டு எழுதியிருப்பான்."

"இருக்கும்" என்றாள்.

இதற்குள் ருசி அறையில் ஒரு புது வியாதி பரவியிருந்தது. ஐந்து பேரும் சரியாக எழுத ஆரம்பித்தார்கள். ஸ்டோர்கீப்பரின் கழுத்து நாளுக்கு நாள் அவள் பக்கம் நீண்டுகொண்டே வந்தது. விற்பனை மேனேஜர் அவள் எழுதி முடிக்கும் வரை ஷூ கயிறு கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு.

மாஸ்டருக்கு முதலில் சந்தோஷம். பிறகு சந்தேகம். அந்தச் சந்தேகம் வந்த நேரம்தான் சரியில்லை. ஏனென்றால் 'மல்லுக்கட்டு' தயாராகியிருந்தது.

மல்லுக்கட்டு என்பது மாஸ்டரின் ஒரு வருடக் கனவு. சாதாரணப் பீரைப்போல் இரண்டு மடங்கு வீரியம், மூன்று மடங்கு ஹாப்ஸ். முதலாளியம்மாவுக்கு அதில் நம்பிக்கையே இல்லை. மாஸ்டர் லேபிளம்மாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏழாம் தொட்டி, எட்டாம் தொட்டி, ரெண்டுலயும் மல்லுக்கட்டுதான். வெள்ளிக்கிழமை முதலாளியம்மா நேர்ல வந்து உட்காரப் போறாங்க. ரெண்டும் நல்லா இருந்தா அன்னிக்கே பாட்டிலுக்குப் போகும். கெட்டுப் போன பீர் ஒரு பாட்டில் வெளியே போனாலும் சரி, நல்ல பீரைக் கெட்டதுன்னு சொல்லி வீணாக்கினாலும் சரி, இனிமே பழைய லைட் பீர் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. அதோட நானும் வீட்டுக்குத்தான்."

"சார்..."

"உங்க மூக்கு இருக்கு. எனக்குப் பயமே இல்ல."

"சார், எனக்கு நிஜமாவே ஒண்ணும் தெரியாது. நான் பார்த்துத்தான் எழுதுறேன்."

"பார்த்துத்தான் எழுதணும். அவசரப்படக் கூடாது."

"இல்ல சார், நான் ஒரு ஏமாத்துக்காரி!"

மாஸ்டரின் கண் கலங்கியது. "பெரிய மூக்கு உள்ளவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்கம்மா. எனக்குச் சொல்லிக் குடுத்த மாஸ்டரும் சாகிற வரைக்கும் சொன்னார்."

உண்மையைச் சொல்லி ஒருத்தி மேலும் உயர்ந்துவிட முடியும் என்பது லேபிளம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

சரி, உண்மை வேலைக்கு ஆகவில்லை, சளி பிடிக்கட்டும் என்று முடிவு செய்தாள். அன்று மாலை மூன்று முறை தலைக்குக் குளித்தாள். ஈரத் தலையோடு ஃபேனை முழு வேகத்தில் வைத்து, ஜன்னலைத் திறந்து போட்டுப் படுத்தாள். காலையில் எழுந்தபோது சளி பிடித்திருந்தது, கணவனுக்கு.

அவள் மூக்கு பளிச்சென்று இருந்தது. மாடிப்படியில் யாரோ குடையை ஈரத்தோடு விரித்து வைத்திருக்கிறார்கள் என்பது கட்டிலில் இருந்தே தெரிந்தது.

"மூக்கு ரெண்டும் அடைச்சுக்கிச்சு" என்றான் கணவன், அடுப்பருகே நின்று. கரண்டியைப் பார்த்தான். பிறகு, பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக, அதை அவளிடம் நீட்டினான். "நீயே பாரேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். குழம்பை ஊதி, நாக்கில் விட்டாள். பழக்கதோஷத்தில் நிமிர்ந்து எதிரே பார்த்தாள். தொப்பி போட்டவர்கள் யாரும் இல்லை. குளிர்சாதனப் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

'உப்பு ஒரு சிட்டிகை குறைகிறது' என்று ஏதோ சொல்லிற்று. அது நாக்கா, மனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சிட்டிகை உப்பை எடுத்த கை பாத்திரத்துக்கு மேலேயே சற்று நேரம் நின்றது. பிறகு உப்பை டப்பாவிலேயே போட்டுவிட்டாள். எதற்கு வம்பு?

"எப்படி இருக்கு?" என்றான்.

"சரியாத்தான் இருக்கும்."

ஒரு சிட்டிகை உப்பைக்கூடத் தன் பொறுப்பில் போட முடியாதவள் நாளை மறுநாள் இரண்டு தொட்டிப் பீருக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை மாலை ருசி அறைக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றாள். மேஜையில் ஐந்து அட்டைக் கூண்டுகள். ஒவ்வொரு நாற்காலிக்கும் இடமும் வலமும் எதிரும் அட்டைத் தடுப்பு. எதிர்த் தடுப்பின் அடியில் தட்டைத் தள்ள மட்டும் ஒரு சந்து.

"யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது" என்றார் மாஸ்டர் பெருமையாக. "எல்லாம் உங்க லேபிள் வந்த பெட்டிதான். நல்ல கெட்டி அட்டை."

"எதிர்ல எதுக்கு சார்? எதிர்ல யாரும் இல்லையே?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

தானே பேரம் பேசி வாங்கிய கெட்டி அட்டை. மாஸ்டர் போனதும் அவள் தன் கூண்டுக்குள் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். கண் மட்டத்தில் வைத்துக் குத்தித் திருகினாள். மெல்லிய அட்டை வாங்கியிருக்கலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது. கால் மணி நேரத்தில் ஒரு பட்டன் அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியே பார்த்தாள். கிளாஸக்கா நிற்கும் சுவர் கச்சிதமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை. முதலாளியம்மா வந்தார். ஒல்லியாக, உயரமாக, சிரிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தும் சிரிக்காத பெண்மணி. "ஆரம்பிங்க" என்றார்.

சந்து வழியே தட்டு உள்ளே வந்தது. லேபிளம்மா முதல் கிளாஸை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய், ஓட்டை வழியே பார்த்தாள்.

சுவர் தெரியவில்லை. தொப்பி தெரியவில்லை. ஓட்டைக்கு அந்தப்புறம் ஒரு கண் இருந்தது.

கிளாஸ் கையிலிருந்து நழுவப் பார்த்தது. அந்தக் கண்ணும் திடுக்கிட்டு இமைத்தது. ஆனால் போகவில்லை. இரண்டு கண்களும் ஓர் அட்டையின் கனத்துக்கு அப்பால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

'நகருங்கக்கா, தொப்பியைக் காட்டுங்கக்கா' என்று லேபிளம்மா மனதுக்குள் கெஞ்சினாள். வேறு வழியின்றி அடுத்த கிளாஸை எடுத்து மோந்தாள். அந்தக் கண் சட்டென்று விரிந்தது. பிறகு மறைந்தது. இப்போது சுவர் தெரிந்தது. சுவருக்கு முன்னால் தொப்பி, மணிக்கட்டு, ஒரு தள்ளு.

நன்றி சொல்லும் மனநிலையில் மூன்றாவதையும் ஒப்புக்கு மோந்துவிட்டு, இரண்டாவதன் எண்ணை எழுதினாள். 582. கீழே 'என்ன வாசனை?' என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா தன்பாட்டுக்கு எழுதியது: 'ஈரத்தோடு மடித்து வைத்த துணி.'

எழுதியதைப் படித்து அவளே முழித்தாள். அடிப்பதற்குள் தாளை வாங்கிக்கொண்டார்கள்.

மாஸ்டர் வாசித்தார். கழுத்து நீட்ட வழியில்லாததால் ஸ்டோர்கீப்பர் முதல் கிளாஸ் என்றார். விற்பனை மேனேஜர் மூன்றாவது. மெக்கானிக்கும் லேப் பெண்ணும், போன தடவை பட்ட அவமானத்தில், மூன்றும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தார்கள். உறை பிரிந்தது.

"582 எட்டாம் தொட்டி. மத்த ரெண்டும் ஏழு. லேபிளம்மா சரி." குரல் இறங்கியது. "ஆனா... ஈரத்துணின்னு எழுதியிருக்காங்க."

மாஸ்டர் 582ஐ எடுத்து மோந்தார். மறுபடி மோந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

முதலாளியம்மாவும் மோந்தார். "எனக்கும் தெரியல."

"மேடம், லாரி வந்து நிக்குது" என்றார் விற்பனை மேனேஜர். "ஒருத்தர் பேச்சைக் கேட்டு..."

முதலாளியம்மா கையை உயர்த்தினார். அவளைப் பார்த்தார். "நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

மாஸ்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய ஒரு வருடமும் அவள் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தது.

'சும்மா எழுதினேன் மேடம், மன்னிச்சிடுங்க.' இதுதான் சொல்ல வேண்டியது. எண்ணைத் தொப்பி சொன்னது. துணியை யாரும் சொல்லவில்லை. பயத்தில் கை எழுதியதை நம்பி ஒரு தொட்டியைப் பிரிக்கச் சொல்வதா? நாத்தனார் இடுப்பில் கை வைத்து நிற்பது தெரிந்தது. வீடே சிரிப்பது கேட்டது. கூடவே, அதற்கு மறுநாள் அத்தனை பேரும் தொண்டையைச் செருமிக்கொண்டு நடமாடியதும் ஏனோ அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"திறந்து பாருங்க" என்றாள்.

அது தன் குரல்தானா என்று திரும்பிப் பார்க்காத குறை.

மெக்கானிக் எட்டாம் தொட்டியின் அடிக்குழாயைப் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரத்தில் மாஸ்டர் நாலு முறை உட்கார்ந்து ஐந்து முறை எழுந்தார். கடைசி மரையைக் கழற்றி, உள்ளே இடுக்கியை விட்டு, மெக்கானிக் எதையோ இழுத்தார். உள்ளங்கை அளவில் ஒரு துணித்துண்டு. தொட்டியைக் கழுவும்போது வால்வின் பின்னால் மாட்டிக்கொண்டது.

"அடிக்குழாய்ல எடுத்ததுலதான் லேசா இருக்கு, மேல இருக்கிற பீருக்கு இன்னும் ஏறல" என்றாள் லேப் பெண், ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா தொட்டி முழுக்கப் போயிருக்கும்."

மாஸ்டர் அந்தத் துணியை இடுக்கியோடு வாங்கி, பதக்கம் மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்டோர்கீப்பர் கை தட்டினார். விற்பனை மேனேஜர் லாரியை அப்படியே நிற்கச் சொல்ல ஓடினார்.

முதலாளியம்மா சிரித்தார். அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"மாஸ்டர், லேபிளுக்கு வேற ஆள் பாருங்க. திங்கட்கிழமையிலிருந்து ருசி அறைக்கு இவங்கதான் தலைமை."

எல்லோரும் வாழ்த்தினார்கள். லேபிளம்மா தலையை ஆட்டினாள், சிரித்தாள், தண்ணீர் குடித்தாள். அடுத்தவள் சொல்லிக் கொடுத்த விடைக்கு இவள் பரிசு வாங்குவதா? ஒரு நாள், இரண்டு நாள் என்றால் விளையாட்டு. இனி ஆயுசுக்குமா? நேரே கழுவும் அறைக்குப் போனாள்.

கிளாஸக்கா கிளாஸ் கழுவும் தொட்டிக்கருகே ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அதை வைத்துவிட்டு, அதே விளக்கெண்ணெய் முகத்தோடு, காவலாளி வெளியேறிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் முதலாளியம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடப் போறேன்."

கிளாஸக்காவின் டீ தொண்டையில் மாட்டியது. "ஐயையோ! உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"முதல் நாளே தெரியும். உங்க தொப்பியைப் பார்த்துட்டுத்தானே இருந்தேன்."

"வேணாம் லேபிளம்மா, கால்ல விழறேன். வெறும் டீதான். ஒரு பைசா வெச்சு ஆடினதில்ல. வாட்ச்மேன் சத்தியமா!"

"டீயா? எதுக்கு டீ?"

"பந்தயம்தான். எது வேறன்னு மாஸ்டர் உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி நான் சொல்லணும். அவர் பின் ஜன்னல்ல நிப்பாரு. எந்த கிளாஸுக்கு நான் தொப்பியைத் தள்ளுறேனோ அதான் என் பந்தயம். சரியா இருந்தா அவர் டீ வாங்கணும், தப்பினா நான். நீங்க வந்ததுலேர்ந்து பாவம், மனுஷன் ஒரு நாள்கூட ஜெயிக்கல."

தொப்பி தனக்காக நகர்ந்ததே இல்லை என்பது புரிய லேபிளம்மாவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அப்படியென்றால் இது உதவிகூட இல்லை. வெறும் திருட்டு. அடுத்தவள் பந்தயத்தை எட்டிப் பார்த்து எழுதிய விடை.

"அப்போ அந்த மூக்கு உங்களுதுதான்க்கா. திங்கட்கிழமை அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க. நான் மாஸ்டர்கிட்ட பேசுறேன். எது வேறன்னு நின்ன இடத்துலேர்ந்தே கண்டுபிடிக்கிறீங்களே, அது எவ்வளவு பெரிய விஷயம்!"

கிளாஸக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்தாள். தலைத் தொப்பியைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"எனக்கெங்க தெரியும் லேபிளம்மா, மாஸ்டர்தான் உள்ள கதவைச் சாத்திக்கிட்டு ஊத்துறாரே! வேறயா இருக்கிற கிளாஸை நீங்க மோந்ததும் உங்க இடது மூக்கு மட்டும் ஒரு துடி துடிக்கும், அதைப் பார்த்துத்தானே நான் தொப்பியையே தள்ளுறேன்!"